மடிக்கணினியின் திரை இயக்கி: சில்லு செய்தோரிடமா, கணினி செய்தோரிடமா?

கணினித் திரையில் தோன்றும் உருவங்களைக் கணித்து வரைவது வரைகலைச் சில்லு என்னும் உறுப்பாகும். அச்சில்லுக்கு அதற்கே உரிய கட்டளை மொழி உண்டு. விண்டோஸ் போன்ற இயங்குதளம் அம்மொழியை அறியாது. இவ்விரண்டிற்கும் இடையே துபாஷியாக நின்று, ஒன்றன் சொல்லை மற்றொன்று விளங்கிக்கொள்ளச் செய்யும் நிரலையே ‘டிரைவர்’ என்பர். தமிழில் இயக்கி எனலாம்.

துபாஷி பிழைபடின் வழக்கே கெடும். 2007-இல் மைக்ரோசாப்ட் திரட்டிய ஒரு கணக்கில், விஸ்டா இயங்குதளம் முடங்கிய நிகழ்ச்சிகளுள் 28.8 விழுக்காட்டிற்கு என்விடியா இயக்கிகளே காரணம் எனக் காணப்பட்டது. இக்கணக்கு 2008-இல் நீதிமன்ற வழக்கொன்றின் வாயிலாக வெளியாயிற்று. ஆகவே, இயக்கியை எங்கிருந்து பெறுவது என்பது சிறு வினா அன்று.

பெறுவதற்கு வாயில்கள் இரண்டு உள. ஒன்று, சில்லைச் செய்யும் இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. ஆகியவை. மற்றொன்று, அச்சில்லை வாங்கி மடிக்கணினியாக அமைத்து விற்கும் டெல், எச்.பி., லெனோவோ, ஏசர் போன்றவை.

மேசைக் கணினியில் வரைகலை அட்டை தனித்து நிற்கும். கழற்றி மாற்றவும் கூடும். மடிக்கணினியிலோ சில்லானது திரை, மின்கலம், விசிறி, ஒளி கூட்டும் விசை ஆகிய யாவற்றோடும் பிணைந்துள்ளது. மேலும், 2010-இல் என்விடியா ‘ஆப்டிமஸ்’ முறையைக் கொணர்ந்த பின், எளிய பணிக்கு ஒரு சில்லும் கடும் பணிக்கு மற்றொரு சில்லுமாக மாறி இயங்கும் கணினிகள் பெருகின. இத்தகைய பிணைப்புகளுக்கு ஏற்பக் கணினி செய்வோர் இயக்கியைத் திருத்தி, அந்தந்த மாதிரியில் சோதித்து வெளியிடுகின்றனர்.

இதன் நுட்பம் எண்களில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு சில்லுக்கும் பதினாறடிமான எண்முறையில் அடையாள எண்கள் உண்டு. செய்தவரைக் குறிக்கும் எண் இன்டெலுக்கு 8086, என்விடியாவுக்கு 10டிஇ, ஏ.எம்.டி. வரைகலைக்கு 1002. அடுத்து வருவது சில்லின் வகையெண். இறுதியாக, அது எந்நிறுவனத்தின் எம்மாதிரியில் பொருத்தப்பட்டது என்பதைக் காட்டும் துணை எண் வரும். கணினி நிறுவனத்தின் இயக்கி பெரும்பாலும் இத்துணை எண்ணையும் பெயர் சுட்டி அழைக்கும்; சில்லு நிறுவனத்தின் பொது இயக்கி வகையெண்ணோடு நின்றுவிடும். விண்டோஸ் முதலில் பார்ப்பது பொருத்தத்தையே; நாளைப் பார்ப்பது அதன் பின்னரே. இதனாலேயே, புதிய இயக்கியை நிறுவிய பின்னும் விண்டோஸ் தானே பழைய இயக்கியைக் கொணர்ந்து வைப்பதுண்டு.

முன்னாளில் மடிக்கணினி உடையோர்க்குச் சில்லு நிறுவனங்களின் கதவு பெரிதும் அடைபட்டே இருந்தது. என்விடியா 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் திறந்தது. இன்டெலின் நிறுவுநிரலோ, கணினி நிறுவனம் திருத்திய இயக்கி இருப்பின், அங்கேயே சென்று பெறுமாறு கூறித் திருப்பி அனுப்பும். 2020 ஏப்ரலில் இத்தடையும் நீங்கியது. அதற்கு முன்னர்ச் சிலர் இயக்கியின் குறிப்புக் கோப்பைத் தாமே திருத்தி நிறுவினர். அவ்வாறு திருத்தினால் இயக்கியின் மின்கையொப்பம் செல்லாததாகும். அதைக் காப்பாக நம்புதல் இயலாது.

இரண்டிலும் நன்மை உண்டு, குறையும் உண்டு. கணினி நிறுவனத்தின் இயக்கி அடக்கமானது, ஆனால் தாமதமானது. மாதிரி பழையதானால் புதுப்பித்தலும் நின்றுவிடும். சில்லு நிறுவனத்தின் இயக்கி விரைவில் வரும். புதிய விளையாட்டுகளுக்கும் மென்பொருள்களுக்கும் ஈடுகொடுக்கும். ஆயினும், மூடித் திறந்தால் கணினி விழிக்காமை, ஒளி விசை செயற்படாமை முதலிய தொல்லைகள் நேரலாம்.

பழையதே போதும் என்று என்றும் இருத்தலும் தகாது. இயக்கியின் ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவிலேயே, உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குவது. அதில் ஓட்டை இருப்பின், கயவன் கணினி முழுவதையும் கைக்கொள்ள வழியாகும். ஆகவே, கணினி நிறுவனம் இன்றும் புதுப்பித்து வருமாயின் அதனையே கொள்வது நன்று. அது கைவிட்டிருப்பின், அல்லது குறிப்பிட்ட பழுதைப் புதிய பதிப்பு தீர்க்குமாயின், சில்லு நிறுவனத்தை நாடலாம்.

நாடுமுன் பழைய இயக்கியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவிய பின் உறக்கம், வெளித்திரை, ஒளி விசை மூன்றையும் சோதிக்க வேண்டும். சில்லு 2 விநாடிக்குள் விடையளிக்காவிடில் விண்டோஸ் இயக்கியை மீளத் தொடங்கும். அப்போது திரை கணநேரம் இருண்டு தெளியும். புதிய இயக்கிக்குப் பின் இது அடிக்கடி நேர்ந்தால், சாதன மேலாளரின் வழியே பழையதற்குத் திரும்புவதே அறிவுடைமை. இவ்விரு வாயில்களையும் விண்டோஸின் புதுப்பித்தலையும் விடுத்து, இயக்கி தேடித் தருவதாகக் கூறும் பெயரறியா நிரல்களை நம்புவோர், வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்தவரே ஆவர்.