உங்களுக்குத் தெரியுமா? கமலா ஹாரிஸ் ஜெயித்த செனட் தேர்தல்

அமெரிக்க செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ, தலா இரண்டு இடம்தான். கலிபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடி மக்கள். வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை. தொகுதிப் பிரிவும் கிடையாது. மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டாக வேண்டும்.

நான்கு முறை வென்ற பார்பரா பாக்ஸர், இனிப் போட்டியிடப் போவதில்லை என்று 2015 ஜனவரியில் அறிவித்தார். பதவியில் இருப்பவர் நிற்காத செனட் தேர்தல் கலிபோர்னியாவில் 1992-க்குப் பிறகு அதுவரை நடந்ததே இல்லை. விடுவார்களா? 2016 ஜூன் முதற்சுற்றில் களமிறங்கியவர்கள் 34 பேர்!

அத்தனை பெயரும் ஒரே பத்தியில் அடங்காமல் சில மாவட்டங்களின் வாக்குச்சீட்டில் இரண்டு பத்திகளாயின. பத்திக்கு ஒருவர் என்று நினைத்து இரண்டு பேருக்குக் குறியிட்டால் ஓட்டு செல்லாது. இன்னொன்று, அங்கே பெயர்கள் வழக்கமான அகரவரிசையில் வருவதில்லை. எழுத்துகளைக் குலுக்கி எடுத்து வரிசை போடுகிறார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் முதலில் இருக்கும் பெயர், அடுத்த தொகுதியின் சீட்டில் கடைசிக்குப் போய்விடும். இப்படியே 80 தொகுதிகளிலும் பட்டியல் சுழலும். முதல் பெயர் என்பதாலேயே ஒருவருக்கு ஓட்டு விழக் கூடாது அல்லவா? அருமையான ஏற்பாடு!

2010-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய விதிப்படி, முதற்சுற்றில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களே நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள். எந்தக் கட்சி என்ற கணக்கில்லை. குடியரசுக் கட்சி ஓட்டுகள் பலரிடம் சிதறின. அவர்களில் முன்னே வந்தவரே 8 சதவீதத்தைத் தொடவில்லை. மிஞ்சிய கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ் இருவருமே ஜனநாயகக் கட்சி. மக்களே நேரடியாக செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே வந்தது 1914-ல். அதன்பின் குடியரசுக் கட்சி வேட்பாளரே இல்லாத முதல் செனட் பொதுத்தேர்தல் இதுதான்.

நவம்பரில் ஹாரிஸ் பெற்றது 75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள். தமிழ்நாட்டின் துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் கொண்ட சியாமளா கோபாலனின் மகளான அவர், தெற்காசிய வம்சாவளியில் செனட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் ஆனார்.

அந்த நவம்பர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 1 கோடியே 46 லட்சம் பேர். செனட்டுக்குக் கணக்கில் வந்ததோ 1 கோடியே 22 லட்சம்தான். அதிபர் யார் என்று குறியிட்ட கைகளில் பல, செனட் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டன. தன் கட்சியே இல்லாத சீட்டில் ஒருவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? இந்த விதியின் பெரிய குறை இது.

2018-லும் இதே நிலைதான். டயான் ஃபைன்ஸ்டைன், அவரை எதிர்த்த கெவின் டி லியோன், இருவரும் ஜனநாயகக் கட்சியே. விதி இன்னும் மாறவில்லை.