வெளிநாட்டில் கோல் மழை பொழிந்தவர் இங்கேயும் பொழிவாரா?
ஆக்கி வீரரை எடை போட ஒரு கணக்கு

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் ஒரு ஆக்கி பந்தயமே நடந்து முடிந்துவிடும், வாயால்!

"ஐரோப்பாவுல கோலா அடிச்சுத் தள்றவன். நம்ம டீமுக்கு வந்தா கப்பு நமக்குத்தான்!"

"அங்கே அடிச்சா இங்கேயும் அடிச்சிருவானா அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. பணம் கொஞ்சமா? 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஆக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றின் கையிலும் 4 கோடி ரூபாய். வாங்க வேண்டியது 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டார். நெதர்லாந்து வீரர் யிப் யான்சனுக்கு மட்டும் தமிழ்நாடு டிராகன்ஸ் கொடுத்தது 54 லட்சம்!

களத்தில் நிற்பதோ 11 பேர்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இறங்கினால் உள்ளூர்ப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்கார வேண்டும். பக்கத்துக் கோவில்பட்டியில் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஆசியக் கோப்பை அணிவரை போனதைப் பார்த்து மட்டை பிடித்த பையன்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

எப்படி அடித்த கோல்?

எத்தனை கோல் என்று கேட்டால் போதாது. எப்படி அடித்தார் என்று கேட்க வேண்டும்.

பெனால்டி கார்னர் எந்த ஊரிலும் ஒன்றுதான். கோலின் அகலம் அங்கேயும் 3.66 மீட்டர், இங்கேயும் 3.66 மீட்டர். தள்ளிக் கொடுக்க ஒருவர், நிறுத்த ஒருவர் சரியாக அமைந்தால் போதும். அந்த வித்தை கப்பல் ஏறினாலும் கெடாது.

சாட்சி, கொன்சாலோ பெய்லாட். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்கு 11 கோல். பிறகு ஜெர்மனி சட்டை போட்டார். 2023 உலகக் கோப்பை அரை இறுதியில், புவனேசுவரத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3 கோல்! 2024 ஏலத்தில் ஐதராபாத் அணி அவருக்கு 68 லட்சம் கொடுத்தது சும்மா அல்ல.

ஓடி அடிக்கும் கோல் அப்படி அல்ல. பந்து கொடுக்கும் கூட்டாளி வேண்டும். அவர் மனசு இவருக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் அதற்கு மாதக்கணக்கில் நேரம் உண்டு. இங்கே 2024-25 லீக் டிசம்பர் 28-ல் தொடங்கி பிப்ரவரி 1-ல் முடிந்துவிட்டது. பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியதுதான்!

ஒன்று இரண்டான கதை

இன்னொன்றும் உண்டு. 2016 லீக்கில் ஓடி அடித்த ஒரு கோலுக்கு இரண்டு கோல் என்று கணக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு ஸ்கோரை மற்ற லீக் ஸ்கோரோடு அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறவர் டப்பாவைப் பார்த்தா வாங்குகிறார்? ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்க்கிறார். கோல் எண்ணிக்கை வெறும் டப்பா.

அடுத்த தடவை பஸ்சில் யாராவது "இருபது கோல்!" என்றால் விடாதீர்கள். "கார்னர் எத்தனை, ஓடி அடிச்சது எத்தனை?" என்று கேளுங்கள். நாளை நம்ம பையன் வெளிநாட்டு லீக்குக்குப் போனாலும் அதே தராசுதான்!