பழைய சிப்பாய்கள் எங்கே கூடுவது?

சேனையில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றோர் ஒன்றுகூடும் வைபவங்கள் நமது தேசத்தில் வழக்கமாகிவிட்டன. அழைப்பு அச்சாகிறது, போர்வீரர் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வருகிறது, படா கானா என்னும் பெருவிருந்து நடக்கிறது, ஜெனரல் ஒருவர் பேசுகிறார். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் எந்த ஊரில், எந்த நாளில் கூடுவது என்பதை மாத்திரம் நிர்வாகிகள் ஒரு காரியமாகவே கருதுவதில்லை. சென்ற முறை கூடிய இடத்திலேயே இம்முறையும் கூடுவது என்று ஒரே வரியில் தீர்மானம் முடிந்துவிடுகிறது. நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. யார் வருகிறார்கள், யார் வராமல் நிற்கிறார்கள் என்பதை இவ்வொரு வரியே நிர்ணயித்துவிடுகிறது. கடலூர் ஜில்லாவையும் அதன் அக்கம்பக்கத்தையும் பொறுத்தவரை, அத்தகைய கூட்டத்துக்குத் தகுந்த ஸ்தலம் நெய்வேலியே என்பது நமது அபிப்பிராயம். காரணங்களைச் சொல்லுகிறோம்.

இப்பொழுது நடப்பது யாது? 1758-ல் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். 1780-ல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரியருகே இருக்கிறது. ஒவ்வொரு படையும் தன் தாய்வீட்டில் கூடுவது இயல்பே. அதைக் குறை கூறுவோர் யாருமில்லை. ஆனால் தமிழன் இவ்விரு படைகளில் மாத்திரமா சேவித்தான்? பீரங்கிப் படையில் இருந்தவனுக்குத் தாய்வீடு நாசிக்கிலும் ஹைதராபாத்திலும் உள்ளது. சிக்னல் படையினனுக்கு ஜபல்பூர். வைத்தியப் படையினனுக்கு லக்ஷ்மணபுரி. குறிஞ்சிப்பாடியில் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் பழைய ஹவில்தார், ஜபல்பூருக்கு டிக்கெட் வாங்கி, இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து, பழைய சிநேகிதரைப் பார்த்துத் திரும்புவாரென்று எதிர்பார்க்கலாகுமா? அவர் போகமாட்டார். கர்னல் போவார், ஆகாய விமானத்தில் போய்விட்டு மறுநாள் திரும்புவார். ஆகவே சிப்பாய்களின் சங்கமம் என்று பெயர் பெற்றது, நாளடைவில் அதிகாரிகளின் சங்கமமாகக் குறுகிவிடுகிறது.

வயதையும் நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்தில் போரிட்ட காளைக்கு அன்று இருபது வயதென்றால் இன்று எழுபதைக் கடந்துவிட்டது. 1965-ன் வீரர்களுக்கோ எண்பதுக்கு மேல். ஆறாயிரம் அடி உயரத்தில், குளிர்காற்று வீசும் வெலிங்டனில் காலை அணிவகுப்பைக் காண முழங்கால் வலியுள்ள கிழவரை அழைப்பது மரியாதையாகாது. கைம்பெண்டிரின் நிலைமை இன்னும் பரிதாபம். கணவன் பெற்ற பதக்கங்களை வலது மார்பில் அணிந்து வரும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் துணையின்றி மேட்டுப்பாளையம் வரை வந்து மலை ஏறுவதற்கு அவளுக்குத் தைரியமும் இல்லை, கையில் காசும் இல்லை.

இங்கே மற்றோர் விஷயத்தையும் சொல்லாமலிருக்கலாகாது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் எண்ணற்றோர். 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது தேசம் முழுவதும் அவர்களுக்காகக் கொதித்தெழுந்தது. ஆயினும் சுதந்திர சர்க்கார் அவர்களைச் சேனையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் பென்ஷன் திட்டமும் 1972-ல்தான் வந்தது. அவர்களுக்கு வெலிங்டனும் இல்லை, அல்சூரும் இல்லை. ஒருவரையொருவர் காண விரும்பியபோது அவர்கள் எந்தப் படைவீட்டின் அழைப்புக்கும் காத்திருக்க முடியவில்லை. குடியிருக்கும் ஊருக்கே கூட்டம் வரவேண்டுமென்று நாம் கூறுவது அவ்வளவு நூதனமான யோசனை அன்று.

இனி, கூடுவது எதற்காக? பழங்கதை பேசுவதற்கு என்று சிலர் நினைக்கலாம். பேசட்டும், அதுவும் மருந்துதான். ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவனுக்கு அதைவிட அவசரமான காரியம் ஒன்று மடியில் இருக்கிறது. அது அவனுடைய டிஸ்சார்ஜ் புஸ்தகம். பட்டாளத்தில் சேர்ந்த தினத்தில் ஹிந்தி தெரிந்த குமாஸ்தா ஒருவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயர் அதில் இருக்கிறது. ஆதாரில் வேறு எழுத்து. பாங்கியில் வேறு எழுத்து. தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு என்பதைப் பிரயாகையில் உள்ள கணக்கு ஆபீஸுக்கு எப்படி விளங்கவைப்பது? மனைவியின் பெயர் படைப் பதிவில் கண்ணம்மாள் என்றும், ஆதாரில் கண்ணம்மா என்றும் இருக்குமானால், கணவன் இறந்த மறுமாதமே குடும்பப் பென்ஷன் சிக்கலில் விழும். ஓர் ஒற்றெழுத்துக்காக வக்கீலிடம் வந்து பிரமாணப் பத்திரம் எழுதும் கிழவிகள் எத்தனை பேர் என்பது இத்தொழிலிலிருக்கும் நமக்குத் தெரியும்.

ஸ்பர்ஷ் என்னும் புதிய ஏற்பாட்டில் படையினரின் பென்ஷன் முழுவதும் கம்பியூட்டர் வழியே செல்கிறது. பாங்கி மானேஜரிடம் நேரில் போய் முறையிட்ட காலம் போயிற்று. உயிரோடிருப்பதற்கான அத்தாட்சியை வருஷந்தோறும் அதில் பதியவேண்டும். தவறினால் பணம் நின்றுபோம். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்னும் உரிமை நெடுங்காலப் போராட்டத்துக்குப்பின் 2015-ல் அறிவிக்கப்பட்டு, 1-7-2014 முதல் கணக்கிடப்பட்டது. ஐந்து வருஷத்துக்கொருமுறை திருத்தப்படும் அத்தொகை தனக்குச் சரியாக வந்ததா என்பதைக் கண்டுபிடிக்கும் சக்தி எத்தனை சிப்பாய்களுக்கு இருக்கிறது? ஆதலின் கூட்டத்தின் உயிர்நிலை மேடையன்று. பந்தலின் ஓரத்தில் ரெக்கார்டு ஆபீஸ் குமாஸ்தா உட்காரும் மேஜைதான். படைப் பதிவாளர்களின் ஆட்களும், கடலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தாரும், 2003-ல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். வைத்தியத் திட்டத்தாரும், விரல்ரேகைக் கருவியோடு இரண்டு வாலிபர்களும் வரிசையாக உட்காரட்டும். அம்மேஜையைக் கிராமத்தானுக்கு அருகே கொண்டுவருவதே ஸ்தலத் தேர்வின் முதல் நோக்கமாக இருக்கவேண்டும்.

இந்நோக்கத்தோடு தேசப்படத்தை விரித்தால் நெய்வேலி தானே கண்ணில் படும். பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரு மணி நேர பஸ் பிரயாணத்தில் உள்ளன. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே விருத்தாசலம் ஜங்ஷன் இருக்கிறது. முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கரிய மண்ணைக் கண்டதும், 1956-ல் கம்பெனி ஏற்பட்டதும், 1957 மே 20-ந் தேதி நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கியதும் நேயர்கள் அறிந்த சரித்திரம். வட்டம் வட்டமாக அமைந்த அந்நகரத்தில் மரநிழலுள்ள அகன்ற சாலைகள், விருந்தினர் விடுதிகள், பள்ளிக்கூடங்கள், பெரிய ஆஸ்பத்திரி, விளையாட்டரங்கம் எல்லாம் உள்ளன. 1998 முதல் புஸ்தகக் கண்காட்சிக்கு வரும் ஜனத்திரளை அது ஏற்றுப் பழகியிருக்கிறது. மத்திய சர்க்கார் ஸ்தாபனங்களில் மூன்றாந்தரப் பதவிகளில் நூற்றுக்கு 14.5-ம், நான்காந்தரத்தில் 24.5-ம் பழைய சிப்பாய்களுக்கு ஒதுக்கவேண்டுமென்பது விதி. அவ்விதத்தில் உத்தியோகம் பெற்றோர் நெய்வேலியிலேயே இருக்கின்றனர். வரவேற்புக் கமிட்டிக்கு ஆட்களை வெளியூரில் தேடவேண்டியதில்லை.

வேறு ஊர்களைப் பிரேரிப்போரும் உண்டு. கடலூர் ஜில்லாவின் தலைநகர். ஆனால் இருநூறு பேருக்கு இலவசமாகப் படுக்க இடம் கேட்டால் அங்கே லாட்ஜுகளைத்தான் நாடவேண்டும். சிதம்பரத்தில் சுவாமி தரிசனமும் சேரும், ஆனால் அது ஜில்லாவின் ஒரு கோடியில் இருக்கிறது. புதுச்சேரியைச் சிபாரிசு செய்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய உத்தேசம் கடற்கரைக் காற்று மாத்திரமன்று என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தையே என்றும் பிடித்துக்கொள்ளவேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு சிப்பாயை அனுப்பிய ஊரென்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை வேலூர்ப் பக்கம் இருக்கிறது. ஒரு வருஷம் அங்கே போகட்டும், மறு வருஷம் ராமநாதபுரத்துக்குப் போகட்டும்.

நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில்தான் டில்லியின் வழக்கம் நமக்குச் சிறிதும் பொருந்தவில்லை. பீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற ஜனவரி 14-ந் தேதியைப் பழைய சிப்பாய்களின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது போகியாகவோ பொங்கலாகவோ வரும். வீட்டில் புதுப்பானை ஏறும் வேளையில் எந்தத் தமிழ்ச் சிப்பாய் மனைவி மக்களை விட்டுப் புறப்படுவான்? கொடிநாளான டிசம்பர் 7-ம், வெற்றிநாளான டிசம்பர் 16-ம் மழைக்காலத்தில் விழுகின்றன. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் ஜில்லாவில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை மறந்தவர் இல்லை. தைப்பூசத்தன்று வடலூர்ச் சாலையில் மாட்டுவண்டிகூட நகராது. மார்ச்சு பிறந்தால் பள்ளிக்கூட மண்டபங்களில் பரீட்சை. பிறகு முந்திரி அறுவடை. பிறகு கத்திரி வெயில். கணக்குப் பார்த்தால் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் இடையே ஒரு சனி ஞாயிறுதான் மிஞ்சுகிறது. சனிக்கிழமை மேஜை வேலை. ஞாயிறு மலர்வளையமும் விருந்தும்.

நெய்வேலிக்கு ஆட்சேபமே இல்லையென்று நாம் சாதிக்கப்போவதில்லை. ரயில் நிலையத்துக்கு வந்துபோகும் வண்டிகள் சொற்பம். அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்நகரமும் சுரங்கங்களும் பல கிராமங்கள் இடம்பெயர்ந்த நிலத்தின்மேல் எழுந்தவை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. நிலத்தைக் கொடுத்த அதே கிராமங்கள் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கும் அனுப்பியிருக்கின்றன. எல்லையில் நின்று தேசத்தின் மண்ணைக் காத்தவன், தன் மண் போன கம்பெனியின் மண்டபத்தில் விருந்துண்ண எப்படி வருவான் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதனாலேயே அங்கே கூடவேண்டுமென்கிறோம். ஜனங்களின் நிலத்தில் ஜனங்களின் பணத்தால் கட்டிய மண்டபங்களின் கதவு, வருஷத்தில் இரண்டு தினங்களாவது அச்சிப்பாய்களுக்கு வாடகையின்றித் திறக்கட்டும். அதைத் தர்மமாக அன்று, பாக்கியாகக் கேட்கலாம்.

அழைப்பு கம்பெனி பெயரில் வரலாகாது. பழைய சிப்பாய்களின் பெயரில் வரவேண்டும். சந்தாவை அவரவர் ஓய்வு பெற்ற பதவியின்படி வசூலிக்கலாம். நாயக் வரையிலும் கைம்பெண்களுக்கும் அறவே வேண்டாம். அதிகாரிகளுக்கொரு பந்தி, சுபேதார்களுக்கொரு பந்தி, சிப்பாய்களுக்கொரு பந்தி என்னும் வெள்ளைக்காரன் வைத்துப்போன ஏற்பாட்டை அவ்விரு தினங்களிலாவது மூட்டைகட்டி வைக்கவேண்டும். படா கானாவின் அர்த்தமே எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவதுதான். கிராமந்தோறும் யார் உயிரோடிருக்கிறார்கள், எந்த வீட்டில் கைம்பெண் மாத்திரம் இருக்கிறாள் என்ற ஜாபிதாவை ஐப்பசிக்குள் தயாரிக்கத் தொடங்கினால்தான் மாசிக்குப் பஸ் பேசமுடியும். விருத்தாசலம் ஜங்ஷனில் விடியற்காலை வண்டியிலிருந்து இறங்குகிறவர்களை நெய்வேலிக்கு அழைத்துவரும் பொறுப்பு யாருடையது என்பதைக் கமிட்டியார் தம் முதற் கூட்டத்திலேயே தீர்மானிக்கட்டும். ஜெனரலை அழைப்பது அதற்கப்புறம்.