நெல் பூ திறந்திருக்கும் நேரம்

மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்களில்கூட நெற்பூவைப் பார்த்தவர்கள் குறைவு. காலை ஒன்பது மணிக்கு மேல் வரப்பில் உட்கார்ந்து, கதிரைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் இரண்டு உமிகளும் மெல்லப் பிரியும். ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்குள் மகரந்தம் சூலகமுடியில் விழுந்தாக வேண்டும். உமி மூடிக்கொண்டால் மூடியதுதான், மறுபடி திறக்காது.

அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. பயிர் பார்வைக்குச் செழிப்பாகவே நிற்கும். மணி முற்றும் நாளில் கதிர் தலை கவிழாமல் நிமிர்ந்து நின்றால்தான் விவசாயிக்குச் சந்தேகம் வரும். உருவிப் பார்த்தால் உள்ளே அரிசியில்லாத கருக்காய்.

பகல் வெயிலையாவது உடம்பு உணர்கிறது. இரவுச் சூடு சத்தமில்லாமல் தின்கிறது. பகலில் இலை தயாரித்த மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பயிர் இரவில் சுவாசிக்கச் செலவிடும். இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேருவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு இது: 1979 முதல் 2003 வரை அங்கே பகல் வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியது. இரவு வெப்பமோ 1.13 டிகிரி கூடியது. வறண்ட பருவ நெல்லில், இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது மகசூல் 10 விழுக்காடு குறைந்தது.

இனி நம் காவிரிப் படுகைக்கு வருவோம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்பது தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிகளின் நாட்காட்டி. அணை 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தது. 2023-இல் உரிய நாளில் திறந்து, அக்டோபரில் நீரின்றி மூடியது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவிரி நீருக்கான மாநிலங்களின் தகராறும் வானமும் சேர்ந்து போட்ட கணக்கு இது. எந்த நாளை நம்பி நாற்று விடுவது?

நாற்று தப்பினாலும் தை மாத மழை என்ற கண்டம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்து, தை வெயிலில் சம்பா அறுப்பதுதான் வழக்கம். 2021-இல் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும். ஒரு மழையைச் சுட்டி இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும்.

சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் மணி கதிரிலேயே முளைவிடும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் மிஷின்தான் வர வேண்டும்; அதற்கு வாடகை அதிகம். படுத்த பயிரை அறுக்க நேரமும் கூடுதல். அத்தனையும் கொடுத்து அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் குவியல் சூடேறிப் பழுப்பாகிவிடும்.

விஞ்ஞானம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த 'சப்-1' மரபணு, இளம்பயிர் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை உயிரைப் பிடித்துவைக்கிறது. அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 டெல்டாவில் பயிராகிறது. உப்பேறிய கடலோர வயலுக்கு நம் முன்னோர் தந்த குழியடிச்சான் இருக்கிறது. ஆனால் விளைந்து சாய்ந்த கதிரை எந்த மரபணுவும் காப்பாற்றாது. அங்கே வேண்டியது வெறும் கூரையும் உலர்த்தும் இயந்திரமும்.

முன்பெல்லாம் விதை நெல்லும் சாப்பாட்டு நெல்லும் பத்தாயத்துக்குப் போன பிறகே மிச்சம் சந்தைக்குப் போனது. அறுத்தவர்களுக்கும் கூலி நெல்லாகவே கிடைத்தது. ஊரின் ஆறு மாதச் சோறு ஊருக்குள்ளேயே இருந்தது. இன்று கடனுக்காகக் களத்திலிருந்தே மொத்த நெல்லும் போகிறது. அறுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மகசூல் கெட்ட வருடம், நெல் விளைவித்த குடும்பமே ரேஷன் அரிசியை நம்பி நிற்கிறது. இலவச அரிசி பட்டினியைத் தடுக்கிறது. அது பெரிய காரியம். ஆனால் பருப்பு, காய், முட்டை வாங்கக் காசு நெல்லிலிருந்துதான் வர வேண்டும். தட்டில் முதலில் குறைவது அவைதான்.

ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் மழை நனைக்காத கூரை வேண்டும். நாலைந்து நிலையங்களுக்கு ஓர் உலர்த்தும் இயந்திரமாவது வேண்டும். நெல் நனைந்த பிறகு நிவாரணம் அறிவிப்பதை விட்டு, இவற்றை வரும் தைக்கு முன்பே அரசு செய்து தர வேண்டும்.