உங்களுக்குத் தெரியுமா? பிறை என்பது பூமியின் நிழல் அல்ல

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது, வளர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தானே விழும்? வளர்பிறை அஷ்டமியன்று மாலை 4 மணிக்கு வானத்தைப் பாருங்கள். மேற்கே சூரியன் இன்னும் மறையவில்லை. கிழக்குப் பக்கம் அரை நிலவு நன்றாக மேலேறி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகை. பூமியின் நிழலோ அந்நேரம் கிழக்கு அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. நிலவை அது எட்டவே வழியில்லை. வடிவமும் இதையே சொல்கிறது. ஏகாதசி வாக்கில் நிலவின் ஒளிப்பகுதி இருபுறமும் புடைத்திருக்கும். வட்ட நிழல் மறைத்திருந்தால் ஒரு விளிம்பு உள்வாங்கி, கடித்த அப்பளம் போல அல்லவா தெரிய வேண்டும்? கிரகண நேரம் தவிர, நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில்தான். அந்தப் பாதியை 29.5 நாள் சுற்றில் நாம் வெவ்வேறு கோணங்களில் பார்க்கிறோம், அவ்வளவே.

அப்படியானால் சந்திர கிரகணம்? நியாயமான கேள்வி. அங்கே விழுவது பூமியின் நிழலேதான். அதன் வளைந்த விளிம்பைக் காட்டித்தான் அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்று வாதிட்டார். ஆனால் அது பௌர்ணமியன்று மட்டுமே நேரும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பௌர்ணமிதோறும் நேராததற்குக் காரணம், நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பது. பெரும்பாலான மாதங்களில் நிலவு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடுகிறது. கருநிழல் நிலவைத் தொடும் கிரகணங்கள் ஓர் ஆண்டில் 3-ஐத் தாண்டுவதில்லை. 2020-இல் ஒன்றுகூட இல்லை.