கல்லுக்கு நடுவே நித்திய கல்யாணி!

வீட்டு வாசலில் கல்லும் மணலும் கிடக்கிறதா? கவலை வேண்டாம். அங்கேயே நித்திய கல்யாணி வளர்க்கலாம்.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. உயரம் மிஞ்சிப் போனால் 3 அடி. ஆண்டு முழுவதும் பூக்கும். அதனால்தான் இந்தப் பெயர்!

நடுவது எப்படி?

மண்ணில் மணலும் சிறு கல்லும் கலந்து மேடு கட்டவேண்டும். பெரிய கற்களைப் பாதி புதைத்து, இடையிடையே செடியை நடவேண்டும். நல்ல வெயில் படவேண்டும்.

வெயில் இதைக் கொல்லாது. தண்ணீர்தான் கொல்லும்! நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண் காய்ந்த பிறகே ஊற்றவேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும், பூவும் பெருகும்.

மருந்தும் நஞ்சும்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் 'வின்கிரிஸ்டின்' மருந்து இந்தச் செடியிலிருந்து கிடைத்ததுதான். ஆனால், இலை நஞ்சு! வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.