ஸ்டேஷன் பக்கத்திலதான் வீடு... ஆனா, அது எப்படிப்பட்ட ஸ்டேஷன்?

பெருங்களத்தூரைத் தாண்டி எந்தப் பக்கம் மனை விற்றாலும் விளம்பரத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: 'ரயில் நிலையத்துக்கு மிக அருகில்!' கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று சென்னையின் தெற்கே குடும்பங்கள் நகர்ந்துபோனதற்குத் தண்டவாளம் ஒரு பெரிய காரணம். மேற்கே ஆவடி, திருநின்றவூர், வடக்கே மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று மற்ற திசைகளிலும் இதே கதைதான். ஆனால், அருகில் இருப்பது எப்படிப்பட்ட நிலையம் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இன்றும் அந்தத் தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 10 ரூபாய் போதும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஒரு டீ குடிக்கும் காசுகூட இல்லை. ஜி.எஸ்.டி சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ரயில் அதைத் தாண்டிப் போய்விடும். மலிவு, வேகம் இரண்டும் இருப்பதாலேயே, நிலையத்தில் நாம் படும் பாட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். ரயிலுக்குள் உட்கார்ந்தோ நின்றோ போகும் நேரம் எப்படியோ கழிந்துவிடுகிறது. டிக்கெட் வரிசை, படிக்கட்டு, காத்திருப்பு, இறங்கியபின் வெளியேறுவது... மனிதரைக் களைப்பாக்குவதும் பயமுறுத்துவதும் இந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். தினமும் போய்வருகிறவர்களுக்கு நிலையம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. காத்திருக்கப் பயம் இருக்கக் கூடாது, வெளியேற மூச்சு வாங்கக் கூடாது. கேட்பது அவ்வளவுதான்.

முதல் பரீட்சை, படிக்கட்டு

காலை எட்டரை மணிக்கு ஒரு நிலையத்தின் தரம் அதன் நடைமேம்பாலத்தில் தெரிந்துவிடும். ரயில் வந்து நின்றதும் பிளாட்பாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே படிக்கட்டு. இறங்கியவர்கள் மேலே ஏற, அதே ரயிலைப் பிடிக்க வருபவர்கள் எதிரே இறங்கி ஓடிவருகிறார்கள். நடுவில் முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு பாட்டி, இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா.

இது வெறும் அசௌகரியம் அல்ல. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பையின் எல்பின்ஸ்டன் ரோடு புறநகர் நிலையத்தில் (இன்றைய பிரபாதேவி) மழை கொட்டிய காலை நேரத்தில் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ரயில் எதுவும் மோதவில்லை, தடம் புரளவில்லை. படிக்கட்டில் நடந்தது அந்தச் சாவு.

பாலம் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. மறுகோடியில் இறங்குகிறவர் அவ்வளவு தூரம் நடந்து, ஏறி, இறங்கி வருவதற்குப் பதிலாகத் தண்டவாளத்தில் குதித்துக் கடந்துவிடலாம் என்று நினைக்கிறார். 'தண்டவாளத்தைக் கடக்காதீர்கள்' என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடியிலும் ஒரு பாலம் இருந்தால் அறிவிப்புக்கு வேலை குறையும்.

நல்ல உதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 570 மீட்டர். அதற்குமுன் ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் மூழ்கித்தான் எழ வேண்டும். தீபாவளி நேரத்தில் சூட்கேஸோடு அந்தத் தெருவைக் கடந்தவர்களுக்கு இந்த 570 மீட்டரின் அருமை புரியும்.

"அண்ணே, இது ஃபாஸ்டா, ஸ்லோவா?"

எந்தப் பிளாட்பாரத்திலும் தினமும் காதில் விழும் கேள்வி இது. "செங்கல்பட்டு போகுமா, தாம்பரத்தோட நின்னுடுமா?", "எந்தப் பிளாட்பாரம்ணே வருது?" என்று அடுத்தடுத்து வரும். பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்வார். பல நேரங்களில் அறிவிப்புப் பலகையைவிட அந்த அண்ணனைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

ரயில் தாமதமாவதைக்கூடப் பயணிகள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு தாமதம் என்று தெரியாமல் நிற்பதுதான் தாங்க முடியாதது. 'இருபது நிமிடம் ஆகும்' என்று தெரிந்தால் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லலாம், அலுவலகத்தில் பெர்மிஷன் கேட்கலாம், பஸ்ஸில் போகலாமா என்று முடிவெடுக்கலாம். எதுவும் தெரியாவிட்டால் தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை.

கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தை மாற்றி அறிவிப்பது இதைவிட மோசம். இளைஞர்கள் ஓடிவிடுவார்கள். மின்சார ரயில் ஒரு நிலையத்தில் நிற்பதோ அரை நிமிடம், ஒரு நிமிடம். ஓட முடியாதவர்களுக்கு அந்த ரயில் இல்லை. ஓடியவர்களில் சிலர் நகரும் ரயிலில் தொற்றுவார்கள். லேடீஸ் கம்பார்ட்மென்ட் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று பிளாட்பாரத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தால், பெண்கள் ரயிலோடு சேர்ந்து ஓட வேண்டியதில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு டப்பா பெயின்ட்!

இரவு ஒன்பதரை மணிக்கு...

காலையில் கூட்டம்தான் பிரச்னை. இரவில் கூட்டம் இல்லாததுதான் பிரச்னை.

பறக்கும் ரயில் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 2007-ல் வேளச்சேரி வரை நீண்ட தடம் இது. வழியில் உயரமான தூண்களும் அகலமான கூடங்களும் கொண்ட பெரிய பெரிய நிலையங்கள். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நினைத்து விடப்பட்ட இடங்கள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் வெறுமைதான் குடியிருந்தது. பகலில் காற்றாடப் போகலாம். இரவில் ஒரு பெண் தனியாக அந்தக் கூடத்தைக் கடந்து, படியேறி, பிளாட்பாரத்துக்குப் போகும்போது தன் காலடிச் சத்தமே தன்னைத் துரத்துவதுபோல் இருக்கும்.

மாம்பலத்துக்கு அந்தப் பிரமாண்டம் இல்லை. நெரிசல், இரைச்சல், பூக்கடை, பழக்கடை. ஆனால், இரவு ஒன்பதரை மணிக்கும் அங்கே ஜனம் இருக்கிறது. பை நிறையத் துணியோடு ஒரு குடும்பம், கடை மூடிவிட்டு வீடு திரும்பும் விற்பனைப் பெண்கள், பூக்காரம்மா. 'எங்கே தனியாக நிற்கப் பயமில்லை?' என்று கேட்டால், பெண்களில் பலர் மாம்பலம் மாதிரியான இடத்தைத்தான் சொல்வார்கள். திறந்திருக்கும் ஒரு டீக்கடை பெரிய கூரையைவிடத் தெம்பு தரும்.

அதற்காக ஆட்கள் இருந்தாலே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது மணி ஏழுகூட ஆகவில்லை. பிளாட்பாரத்தில் மற்ற பயணிகளும் இருந்தார்கள். நிலையத்தில் கண்காணிப்பு கேமரா இல்லாததால், போலீசார் சுற்றுப்புறக் கட்டடங்களின் கேமராக்களைத் தேட வேண்டிவந்தது. வெளிச்சம், ஆள் நடமாட்டம், வேலை செய்யும் கேமரா, கூப்பிட்டால் வரும் ரயில்வே போலீஸ் என்று நான்கும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

இது வெறும் பய உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, வருமானம் சம்பந்தப்பட்டதும்கூட. 'ராத்திரி ஒன்பதரைக்கு அந்த ஸ்டேஷன்ல எப்படிம்மா நிப்ப?' என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தால், செகண்ட் ஷிஃப்ட் வேலை போய்விடுகிறது. மாலை நேரப் படிப்பு நின்றுவிடுகிறது. அப்பாவோ அண்ணனோ தினமும் பைக் எடுத்துக்கொண்டு நிலைய வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் விலை 5 ரூபாயாக இருந்தும் அந்த ரயில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகிறது.

தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள்

வீட்டிலிருந்து கிளம்பும்போது தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கும் பெண்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். காரணம், வழியில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இல்லை என்பதுதான். கழிப்பறை கட்டியிருப்பார்கள். பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகினால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது தினசரித் தவிப்பு.

குடிநீர்க் குழாய், உட்கார ஒரு பெஞ்ச், மழைக்கும் வெயிலுக்கும் கூரை ஆகியவையும் இதே பட்டியலில் வருகின்றன. 12 பெட்டி ரயில் நிற்கும் அளவுக்குப் பிளாட்பாரம் நீளமாக இருக்கும். கூரையோ அதன் நடுப்பகுதியில் மட்டும் இருக்கும். ஐப்பசி மழையில் எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்க, எல்லாரும் நடுப்பெட்டிகளிலேயே ஏற, நடுவில் மூச்சுமுட்டும். கோடிப் பெட்டிகளில் இடம் இருக்கும். கூரையை இரண்டு பக்கமும் நீட்டினால் பெட்டிக்குள் நெரிசலும் குறையும்.

இறங்கியபின் என்ன?

ரயில் யாரையும் வீட்டு வாசலில் இறக்கிவிடாது. எனவே, நிலையத்தின் வாசலில் என்ன கிடைக்கிறது என்பதும் நிலையத்தின் தரம்தான்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கே மாறின. ஆனால், முனையத்தை ஒட்டி ரயில் நிலையம் அப்போது இல்லை. மின்சார ரயிலில் வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸோ ஆட்டோவோ தேட வேண்டியிருந்தது. ஊருக்குப் போகும் டிக்கெட்டைவிட அந்தக் கொஞ்ச தூரம்தான் அதிகமாகச் சோதித்தது.

கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக, பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், பதினான்கு மாதம் கழித்து. நின்றுபோனது என்னவோ சில நிலையங்கள்தான். ஆனால், வேளச்சேரியிலிருந்து சென்ட்ரலுக்கும் பாரிமுனைக்கும் போனவர்களின் அன்றாடக் கணக்கே மாறிவிட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மொத்தச் சங்கிலியும் பயன்படாது.

மாறாக, கிண்டியில் மின்சார ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவுக்கு மாற முடிகிறது. 2025 செப்டம்பரில் அறிமுகமான 'சென்னை ஒன்று' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். கைப்பேசியில் மூன்றும் சேர்ந்துவிட்டன. தரையிலும் அப்படிச் சேர வேண்டும்.

பெட்டி மாறியது, பிளாட்பாரம்?

2025 ஏப்ரலில் சென்னைக்கு முதல் ஏ.சி மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். வசதியுள்ளவர்களுக்கும் வெயில் தாங்காதவர்களுக்கும் நல்ல செய்தி. ஆனால், 35 ரூபாய் கொடுத்தவரும் 5 ரூபாய் கொடுத்தவரும் ஏறுவது ஒரே படிக்கட்டில். தேடுவது ஒரே கழிப்பறையை. பெட்டியில் போடும் பணம் அந்தப் பெட்டியில் போகிறவருக்கு மட்டும் உதவும். நிலையத்தில் போடும் பணம் எல்லாருக்கும் உதவும்.

நாடு முழுக்க 'அம்ரித் பாரத்' திட்டத்தில் நிலையங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த வரிசையில் பரங்கிமலை நிலையம் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. முகப்பும் வளைவும் அழகாக இருக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. திறப்பு விழா முடிந்து ஆறு மாதம் கழித்தும் லிஃப்ட் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதுதான் பயணி போடும் மார்க்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* லிஃப்ட் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்றால் 139-க்கு அழைக்கலாம். 'ரயில் மதத்' செயலியில் படத்தோடு புகார் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

* பாதுகாப்பு உதவிக்கும் 139 உண்டு. தமிழக ரயில்வே போலீஸை 1512-ல் அழைக்கலாம். வேலைக்குப் போகும் மகளின் போனில் மட்டுமல்ல, உங்கள் போனிலும் இந்த எண்கள் இருக்கட்டும்.

* ரயில் நிலையத்தை நம்பி வீடோ மனையோ பார்க்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பகலில் தரகரோடு போய்ப் பார்ப்பது போதாது. ஒரு வேலை நாள் காலை எட்டரைக்கு அந்தப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு அந்த பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வரும்வரை நின்று பாருங்கள். நிலைய வாசலிலிருந்து வீடு வரையிலான தெருவில் விளக்கு இருக்கிறதா, ஷேர் ஆட்டோ நிற்கிறதா என்று பாருங்கள். முடிந்தால், தினமும் அந்த ரயிலில் போகப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீடு சரிப்படுமா என்பதை அவர் சொல்லட்டும்.